மண்ணைப் படித்துவிட்டு மெட்டல் டிடெக்டர் வாங்குங்கள்!
நாவலூரைச் சுற்றி நான்கு வகை நிலம், நான்கு பாடம்

சோழிங்கநல்லூரைத் தாண்டிப் பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே வந்தால் செம்மஞ்சேரி. அதை அடுத்து நாவலூர். செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊரை இன்று வெளியூர்க்காரர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஐ.டி. கம்பெனி, வணிக வளாகம் என்றுதான் அறிவார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இங்கும் பக்கத்துத் தாழம்பூர், சிறுசேரி, படூர் பகுதிகளிலும் ஏரிப் பாசன நெல்தான் பிரதானம். இப்போதும் பெரிய சாலையை விட்டு உள்ளே இறங்கினால் மனைக் கற்களுக்கு நடுவே மேயும் மாடுகளையும், விட்டுப்போகாமல் மிஞ்சிய சில பயிர் நிலங்களையும் பார்க்கலாம்.

நகரம் வளரும்போது அதன் கழிவு முதலில் விழுவது பக்கத்து வயலில்தான். இரவோடு இரவாக டிப்பர் லாரியில் கட்டட இடிபாடு வந்து கொட்டப்படும். வரப்போரம் கிடந்த குவியலை ஒரு மழை கலைத்துவிடும். அடுத்த உழவு அதை வயலெங்கும் பரப்பிவிடும். சென்ட்ரிங் ஆணி, கட்டுக்கம்பி, முறுக்குக் கம்பித் துண்டு, டின் தகடு எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். அதன்பின் டிராக்டர் டயர் கிழியும், ரோட்டவேட்டர் பிளேடு முறியும். நடவு நடும் பெண்களின் காலில் ஆணி ஏறும். எல்லாவற்றையும்விட மோசம், புல்லோடு சேர்த்துக் கம்பியை மாடு விழுங்குவது. உழவு ஓட்டுநர்கள் இப்படிப்பட்ட நிலத்துக்கு வரத் தயங்குவார்கள்.

சென்னையைச் சுற்றி மட்டும் அல்ல. கோவை, மதுரை, திருச்சி என எந்த நகரத்தின் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கும் இந்தத் தொல்லை உண்டு. அதனால்தான் ‘ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிவிடலாமா?’ என்ற யோசனை விவசாயிகளிடம் வருகிறது. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டும் விலை வரை சந்தையில் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால், ‘எந்தக் கம்பெனி கருவி நல்லது?’ என்பது இரண்டாவது கேள்விதான். ‘என் நிலம் எப்படிப்பட்டது?’ என்பதே முதல் கேள்வி. ஒரு மண்ணில் தெளிவாகப் பேசும் கருவி, இன்னொரு மண்ணில் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ள நாவலூரைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கிழக்கே சில கிலோமீட்டரில் கடல், இடையில் உப்பங்கழி, மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் தாம்பரம், அதை ஒட்டிப் பல்லாவரம் மலைகள். இந்தக் குறுகிய பட்டைக்குள் டிடெக்டரைச் சோதிக்கும் எல்லா வகை நிலமும் இருக்கிறது.

கருவி எப்படிக் கேட்கிறது?

டிடெக்டரின் அடித்தட்டில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மாறி மாறி மின்சாரம் பாயும்போது, நிலத்துக்குள் காந்தப் புலம் இறங்கும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதிலைப் பிடித்துத்தான் கருவி ஒலி எழுப்புகிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பதில் சொல்வது உலோகம் மட்டும் அல்ல. மண்ணில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது இருந்தால் அதுவும் பதில் சொல்லும். மண்ணில் உப்பும் ஈரமும் சேர்ந்திருந்தால் மின்சாரம் கடத்தும். அதுவும் பதில் சொல்லும். இந்தச் சத்தங்களுக்கு நடுவே ஆணியின் குரலைப் பிரித்துக் கேட்பதுதான் நல்ல கருவியின் வேலை.

சுற்றுப்புறம் கருவியை ஏமாற்றும் என்பதற்கு இந்தத் தொழிலின் முதல் நாள்களிலேயே ஒரு சான்று உண்டு. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியது ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. நம் வயலில் அந்தக் கட்டில் வேலையைச் செய்வது மண்.

இன்று கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ‘வி.எல்.எஃப்’ எனப்படும் தாழ்ந்த அலைவரிசைக் கருவி. இரும்பா, செம்பா, அலுமினியமா என்று ஓரளவு பிரித்துக் காட்டும், விலையும் குறைவு. இரண்டாவது, ‘பல்ஸ் இண்டக்‌ஷன்’. சுருளில் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் நின்றவுடன் வரும் எதிரொலியைக் கேட்கும். மண்ணின் தொல்லை இதில் குறைவு. ஆனால், எது எந்த உலோகம் என்று பிரித்துச் சொல்வதில் பலவீனம். இவை தவிர, ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் விலை கூடிய கருவிகளும் உண்டு.

ஏரிப் பாசன வயல்: எளிய கருவி போதும்

நாவலூர், தாழம்பூர் பக்கத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த பழைய நெல் வயல்களை முதலில் எடுத்துக்கொள்வோம். உப்பு ஏறாத, வண்டல் கலந்த களிமண் அல்லது இருமண் நிலம் டிடெக்டருக்குப் பெரிய எதிரி அல்ல. இப்படிப்பட்ட நிலத்துக்கு சாதாரண வி.எல்.எஃப் கருவியே போதும். நாணய அளவுள்ள பொருளை ஏறக்குறைய 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை இது காட்டும். ஒரு முழ நீளக் கம்பி என்றால் இன்னும் ஆழத்திலும் தெரியும். உழவு ஆழம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுவதால், வயலைச் சுத்தம் செய்ய இது ஏற்ற அளவு.

இங்கே கவனிக்க வேண்டியது நேரம். அறுவடை முடிந்து, தாள் தரையோடு தரையாக வெட்டப்பட்ட பிறகு, உழவுக்கு முன்பு தேட வேண்டும். உழுதுவிட்டால் மண் கட்டிகளுக்கு மேல் சுருளைச் சீராக நகர்த்த முடியாது. சுருள் தரையிலிருந்து இரண்டு, மூன்று விரற்கடைக்கு மேல் உயரக் கூடாது. நீங்கள் தூக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு விரற்கடையும் ஆழத்தில் குறையும். கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி விழும்படி நடந்தால் இடம் விட்டுப்போகாது. உரம் போட்ட கையோடு, ஈரம் இருக்கும்போது தேட வேண்டாம். உரமும் ஒரு வகை உப்புதான்.

இடிபாடு கொட்டிய நிலமாக இருந்தால் கதை சற்று மாறும். சுட்ட செங்கல்லும் ஓடும் சூளை வெப்பத்தில் காந்தத் தன்மை பெற்றவை. இந்தப் பகுதியில் கான்கிரீட்டுக்குப் போடும் கருங்கல் ஜல்லியிலும் காந்தத் தாது இருக்கக்கூடும். எனவே ஆணியே இல்லாத இடத்திலும் கருவி முனகும். பழைய செங்கல் சூளை இருந்த நிலத்திலும் இதே அனுபவம் கிடைக்கும். பெரிய சுருள் உள்ள கருவி இங்கே எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். உள்ளங்கையை விரித்த அளவுள்ள சிறிய சுருளை மாட்டி, மெதுவாக வீசினால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தெரியும். ஆழம் குறையும், தெளிவு கூடும்.

உப்பங்கழி ஓரம்: ஈரம்தான் வில்லன்

நாவலூரிலிருந்து கிழக்கே நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது. அங்கே குறுக்கே ஓடுவது பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்தின் காக்கிநாடா பக்கமிருந்து மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டி ஓடும் இந்தக் கால்வாய், ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் போன வழி. கால்வாயும் முட்டுக்காடு உப்பங்கழியும் சேரும் இந்தத் தாழ்நிலத்தில், முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். தெற்கே கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்களே உண்டு. வெயில் காலத்தில் தரையில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்தே இந்த மண்ணின் குணத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த நிலத்தில் சாதாரண ஒற்றை அலைவரிசைக் கருவியை வைத்தால், ஈரமான இடம் எல்லாம் உலோகம் போலக் கத்தும். உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும். கூடவே ஆணியும் மறைந்துவிடும். உப்பு நிலத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி செலவில்லாதது: மண் நன்றாகக் காய்ந்திருக்கும் காலத்தில் தேடுவது. உப்பு இருந்தாலும், ஈரம் இல்லாவிட்டால் மின்சாரம் கடத்தாது. இரண்டாவது, குறைந்த அலைவரிசையில் இயங்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது. அலைவரிசை கூடக் கூட உப்பின் தொல்லையும் கூடும். மூன்றாவது, பல அலைவரிசைக் கருவி அல்லது பல்ஸ் கருவி.

விவசாயியின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு தாள் இங்கே உதவும். மண்வள அட்டையில் கார அமில நிலைக்குப் பக்கத்தில் ‘மின்கடத்தும் திறன்’ என்று ஒரு எண் இருக்கும். பயிருக்கு உப்புத் தொல்லை உண்டா என்று பார்க்க வேளாண்மைத் துறை தரும் எண் அது. அதே எண் டிடெக்டருக்கும் பொருந்தும். அது 1க்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு மேலே போகப் போக மலிவான கருவி திணறும்.

அதே அட்டையில் ‘இரும்பு’ என்றும் ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் உள்ள இரும்புச் சத்தின் அளவு மட்டுமே. மண்ணில் காந்தத் தாது எவ்வளவு என்பதை அது சொல்லாது. செக்கச் செவேல் என்ற மண்ணிலும் பயிருக்கு இரும்புப் பற்றாக்குறை வரலாம். ஆனால் அந்த மண் டிடெக்டரைக் கத்த வைக்கலாம்.

கடற்கரை மணல்: காய்ந்தது ஒன்று, நனைந்தது வேறு

கால்வாயைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம் என்று சவுக்கும் தென்னையும் வளரும் மணல் நிலம். மேட்டு மணல் காய்ந்திருக்கும்போது டிடெக்டருக்கு மிகவும் இலகுவான நிலம் இதுதான். காலடி தண்ணீர் படும் இடத்துக்கு வந்தால் அதே மணல் மிகக் கடினமான நிலமாக மாறிவிடும். காரணம், மேலே சொன்ன உப்பு ஈரம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கடல் சீற்றத்துக்குப் பிறகு கரையில் கறுப்புக் கோடுகளாக மணல் படிவதை மீனவர்களும் கரையோர விவசாயிகளும் பார்த்திருப்பார்கள். மேக்னடைட், இல்மனைட் போன்ற கனமான தாதுக்கள் அலையால் பிரிக்கப்பட்டுத் தங்குவதுதான் அது. உப்பு ஒரு விதத்திலும் கறுப்பு மணல் வேறு விதத்திலும் கருவியை இழுக்கும். ஒன்றுக்குச் சமன் செய்தால் மற்றொன்று கத்தும். அதனால்தான் கடற்கரையில் பல அலைவரிசைக் கருவியோ பல்ஸ் கருவியோ தேவைப்படுகிறது. தென்னந்தோப்பில் விட்ட தேங்காய் வெட்டும் கத்தியையோ, மோட்டார் கொட்டகைப் பக்கம் விழுந்த ஸ்பேனரையோ தேடுபவருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. அது காய்ந்த மணல். சாதாரணக் கருவி போதும்.

பல்லாவரம் பக்கம்: மண்ணே இரும்பு

இனி மேற்கே திரும்புவோம். தாழம்பூர், புதுப்பாக்கம் பக்கமே சிறு குன்றுகள் தலை காட்டத் தொடங்கும். வண்டலூர், தாம்பரம் தாண்டிப் பல்லாவரம், பரங்கிமலை வரை போனால் கறுத்து, எண்ணெய் தடவியது போல மின்னும் பாறை. இதற்கு ‘சார்னோகைட்’ என்று பெயர். கல்கத்தா நகரோடு பெயர் இணைந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதனால் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பெயரை வைத்தார். பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இந்தப் பாறையில் மேக்னடைட் எனும் காந்தத் தாது கலந்திருக்கிறது. பாறை சிதைந்து மண்ணாகும்போது அந்தத் தாதும் மண்ணோடு வருகிறது. மலையடிகளில் இன்னொரு வகையும் உண்டு: செம்புறை மண். மழையும் வெயிலும் மாறி மாறி மண்ணின் மற்றச் சத்துகளைக் கரைத்துவிட, இரும்பு மட்டும் துருவாகத் தங்கி இறுகிய மண். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இப்படிப்பட்ட செம்புறைச் சரளைக் குழியில்தான். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே அங்கிருந்து தொடங்கியது. அது கல் என்பதால் எந்த டிடெக்டரும் அதைக் காட்டியிருக்காது என்பது வேறு விஷயம்.

செம்புறை மண்ணிலும் பாறை மண்ணிலும் தேட, ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ வசதி கட்டாயம் வேண்டும். தேடப் போகும் நிலத்தில் உலோகம் இல்லாத ஓர் இடத்தில் சுருளை மேலும் கீழுமாக ஆட்டி, ‘இந்த மண்ணின் குரல் இது, இதைக் கணக்கில் எடுக்காதே’ என்று கருவிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இது. மலிவான கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. நெல் வயலுக்கு அது போதும். செம்புறைக்குப் போதாது. செம்புறையில் இருக்கும் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் பல்ஸ் கருவியைக்கூட ஓரளவு தொல்லை செய்யும். எனவே அதிலும் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மண்ணில் காந்தத் தாது எவ்வளவு என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தம் போதும். அதை பிளாஸ்டிக் பையில் போட்டு, காய்ந்து பொடியான மண்ணில் பத்து முறை இழுங்கள். பையைத் தட்டினால் காந்தத்தோடு ஒட்டி வந்த கறுப்புத் துகள் தனியே தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சாதாரணக் கருவி வேலை செய்யும். பை முழுதும் மீசை போல அப்பிக்கொண்டால் சமன் வசதி உள்ள கருவிதான் வேண்டும். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

செம்மண் தரும் இந்தத் தொல்லை சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. இலங்கையில் 2009இல் போர் முடிந்த பின், வடக்கில் தமிழ் விவசாயிகள் தங்கள் தோட்டங்களுக்குத் திரும்பும் முன் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் போகும் வழியில் உள்ள முகமாலை போன்ற இடங்களில் அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. உள்ளூர்ப் பெண்கள் பலர் அதில் ஈடுபட்டார்கள். உலோகச் சிதறல் மிகுந்த இடங்களில் டிடெக்டரை மட்டும் நம்பாமல், மண்ணைக் கைவாரியால் அடுக்கடுக்காக வாரிப் பார்க்கும் முறையையும் கையாண்டார்கள். கருவியால் முடியாத இடத்தில் பொறுமையான கைவேலை முடிக்கும் என்பதை அவர்களிடமிருந்து கற்கலாம்.

விவசாயி தேடுவது இரும்பை!

சந்தையில் விற்கும் டிடெக்டர்கள் பெரும்பாலும் நாணயம், நகை தேடுபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவர்களுக்கு இரும்பு ஒரு குப்பை. எனவே கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே, இரும்பைக் கண்டால் பேசாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். விவசாயி தேடுவதோ ஆணியும் கம்பியும் முறிந்த கொழுவும். புதுக் கருவியோடு வயலில் இறங்கி ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்பி, அடுத்த நாளே டயரில் ஆணி ஏறினால் காரணம் இதுவாக இருக்கலாம். ‘ஆல் மெட்டல்’ எனும் எல்லா உலோகத்துக்குமான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதில் வைத்தே தேட வேண்டும்.

மேல் மண்ணில் கிடக்கும் இரும்புக்கு டிடெக்டரே தேவையில்லாமலும் போகலாம். வலுவான காந்தங்களை ஒரு சட்டத்தில் பொருத்தி, தரையை ஒட்டி இழுத்தால் ஆணியும் கட்டுக்கம்பியும் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் காந்தம், மிச்சத்துக்கு டிடெக்டர் என்பதே செலவு குறைந்த வழி. அலுமினியம், செம்பு போன்றவை காந்தத்தில் ஒட்டாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மாடு தீவனத்தை மென்று பார்த்து விழுங்குவதில்லை. வாரி விழுங்கிப் பிறகுதான் அசை போடும். அப்படிப் போன கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, வயிறு சுருங்கும்போது சுவரைக் குத்தி, முன்னால் இருக்கும் இதயம் வரைகூடப் போகும். தீவனம் எடுக்காமை, பால் சட்டென்று குறைதல், முதுகை வளைத்து நிற்றல், இறக்கத்தில் நடக்கத் தயங்குதல் ஆகியவை அறிகுறிகள். கால்நடை மருத்துவர்கள் மாட்டின் நெஞ்சுப் பகுதியில் டிடெக்டர் வைத்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் நல்ல ஆரோக்கியமான மாட்டின் வயிற்றிலும் இரும்பு இருக்கக்கூடும். ஒலி வந்ததை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்ட முடியாது. மருத்துவர் ஆலோசனைப்படி மாட்டுக்கு விழுங்கக் கொடுக்கும் காந்தம் இரைப்பையிலேயே தங்கி, கம்பியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் இதுபற்றிக் கேட்கலாம்.

புதைத்த குழாயைத் தேடுபவர்களும் உண்டு. ஜி.ஐ. குழாயை டிடெக்டர் காட்டும், பி.வி.சி. குழாயைக் காட்டாது. குழாயின் ஒரு முனை திறந்திருந்தால், உள்ளே நீளமான எஃகுக் கம்பியை விட்டு மேலே தேடலாம். இனிமேல் குழாய் புதைப்பவர்கள், அதன் மேலேயே பழைய வீட்டு வயரிங் செம்புக் கம்பி ஒன்றை உறையோடு நீளவாக்கில் போட்டு மூடினால், இருபது ஆண்டு கழித்தும் குழாயின் தடம் தெரியும்.

தங்கம் காட்டும் பெட்டி

டிடெக்டர் என்றதும் ஆசை காட்ட வருபவர்களும் உண்டு. ‘நூறு மீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும்’, ‘புதையல் எத்தனை கிலோ என்று திரையில் சொல்லும்’ என்று லட்சங்களில் விலை பேசுவார்கள். கைப்பிடியில் ஆன்டெனா ஆடும் கருவியாகவே பெரும்பாலும் இருக்கும். அப்படி ஒரு கருவிக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. தமிழ்நாட்டில் ‘அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம்’ என்று சொல்லிப் பணம் பறித்த கும்பல்கள் பலமுறை கைதாகியிருக்கின்றன. இதுவும் அதன் தம்பிதான். இங்கிலாந்தில் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவர் இதே பாணியில் ஆன்டெனா மட்டும் உள்ள பொய்க் கருவியை, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக் போன்ற நாடுகளுக்கே விற்றார். 2013இல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. படித்த அதிகாரிகள் இருக்கும் அரசாங்கங்களே ஏமாந்திருக்கின்றன.

உண்மைக் கருவியா என்று அறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. விற்பவர் பார்க்காதபோது உங்கள் நிலத்தில் பத்துக் குழி தோண்டி, மூன்றில் மட்டும் இரும்புத் துண்டைப் புதைத்து, பத்தையும் ஒரே மாதிரி மூடுங்கள். பிறகு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி சிரித்துக்கொண்டே செய்து காட்டுவார். மற்றவர் ‘இன்று நேரம் சரியில்லை’ என்பார்.

பழம்பொருள் கிடைத்தால்?

செங்கல்பட்டுப் பகுதி பெருங்கற்காலக் கல்வட்டங்களும் ஈமக்குழிகளும் நிறைந்தது. 1950களில் மதுராந்தகம் பக்கம் சானூரில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது மண்பாண்டங்களோடு இரும்புப் பொருள்களும் கிடைத்தன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இரும்பு கி.மு. 3345 வரை பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. துருப்பிடித்த ஒரு துண்டு இரும்புகூட வரலாறாக இருக்கலாம் என்பதற்கு இது போதும். அதை இடத்திலிருந்து பிடுங்கிவிட்டால் பாதி வரலாறு போய்விடும். கல்வட்டம், பழைய கோயில் மேடு, தாழி ஓடுகள் தெரியும் இடங்களில் கருவியோடு இறங்க வேண்டாம். அரசு பாதுகாக்கும் தொல்லியல் இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

சொந்த நிலம் என்றாலும் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குப் பிணை தர வேண்டும். மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். சட்டப்படி வரவேண்டிய பங்கும் போய்விடும். பொருளுக்கு வேறு உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அவர்களுக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசு எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் அதே சட்டம் சொல்கிறது. நேர்மையாகச் சொல்பவருக்கு நஷ்டம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் உடனே சொல்லிவிடுவது நல்லது.

குண்டு போல, ஷெல் போல எதுவும் தெரிந்தால் தொடவே கூடாது. செங்கல்பட்டு அருகே அனுமந்தபுரம் போலத் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளங்களின் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விலகி நின்று, காவல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

வாங்கும் முன்…

* உப்பில்லாத நெல் வயல், காய்ந்த மணல்: சாதாரண வி.எல்.எஃப் கருவி.
* இடிபாடு கொட்டிய நிலம்: அதே கருவி, சிறிய சுருளோடு. முதலில் காந்தம் இழுத்துவிடுங்கள்.
* உவர் நிலம், உப்பங்கழி ஓரம்: குறைந்த அலைவரிசை அல்லது பல அலைவரிசை. காய்ந்த காலத்தில் தேடுங்கள்.
* செம்புறை, பாறை மண்: கையால் மாற்றக்கூடிய கிரவுண்ட் பேலன்ஸ் கட்டாயம்.
* எந்த நிலமானாலும்: எல்லா உலோகத்துக்குமான அமைப்பு, மழைச் சாரல் தாங்கும் சுருள், உள்ளூரில் கிடைக்கும் பேட்டரி.
* உயர் அழுத்த மின் கம்பிக்குக் கீழே கருவி காரணமின்றிக் கத்தலாம். அங்கே உணர்திறனைக் குறைத்துப் பாருங்கள். செல்போனையும் மண்வெட்டியையும் தள்ளி வையுங்கள்.
* பணம் கொடுக்கும் முன், உங்கள் நிலத்திலேயே 10, 20, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணி, கம்பி, வெள்ளி மோதிரம் புதைத்து எது வரை தெரிகிறது என்று பாருங்கள்.

ஒரு சிறு விவசாயிக்கு வருடத்தில் நான்கைந்து நாள்தான் இந்தக் கருவி தேவைப்படும். தனியாக வாங்குவதைவிட உழவர் உற்பத்தியாளர் குழுவிலோ, ஏரிப் பாசன சங்கத்திலோ சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம். ஒரே ஊரில் உவர் நிலமும் செம்புறையும் இருந்தால், இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் நல்ல கருவியைக் கூட்டாக வாங்குவது தனித்தனியாக மூன்று மலிவான கருவி வாங்குவதைவிட லாபம். பொறுக்கி எடுத்த இரும்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் பேட்டரிச் செலவுக்கு ஆகும். அதைவிட முக்கியம், இடிபாடு கொட்டும் லாரியை முதல் நாளே தடுப்பது. வண்டி எண்ணைக் குறித்து ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் புகார் எழுதிக் கொடுங்கள். எந்த மண்ணிலும் அதைவிட மலிவான வழி இல்லை.